எடைக்குப் போன வாள்கள்

மனிதர்கள் எதைத்தான் சேர்க்கவில்லை! தபால் தலை சேர்க்கிறவர்கள் உண்டு. பழைய காசு சேர்க்கிறவர்கள் உண்டு. தீப்பெட்டிப் படங்களை ஆல்பத்தில் ஒட்டி வைத்திருப்பவர் ஒருவரை எனக்குத் தெரியும். நாற்பது வருஷத்துக் கல்யாணப் பத்திரிகைகளை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டிருக்கும் ஒரு மாமியையும் தெரியும். இவர்களையெல்லாம் உலகம் ஒரு புன்சிரிப்போடு மன்னித்து விடுகிறது. ஆனால், "நான் கத்தி சேர்க்கிறேன்" என்று ஒருவர் சொல்லிப் பார்க்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மெள்ளத் தம்முடைய நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொள்வார்!

மேல்நாடுகளில் இப்படியில்லை. அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் ஆண்டுதோறும் கத்திகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடக்கிறது. பெரிய மண்டபத்தில் வரிசை வரிசையாக மேஜைகள். மேஜைமேல் விதவிதமான கத்திகள். ஒரு கத்தியைக் கையில் எடுத்து, எடை பார்த்து, அலகின்மேல் ஒளி ஓடுவதைப் பார்த்து, செய்தவரிடமே பேசி வாங்கிக்கொண்டு போகிறார்கள். கத்திப் பிரியருக்கு அது ஒரு தேர்த் திருவிழா.

நம் ஊரில் அப்படி ஒரு காட்சி உண்டா என்று கேட்டால், உண்டு என்றுதான் சொல்வேன். மண்டபமும் மேஜையும்தான் இல்லை. கொல்லன் பட்டறை ஒன்று. சந்தையில் கோணியை விரித்துப் பரப்பிய கடை ஒன்று. பழைய இரும்பு வாங்கும் காயலான் கடை ஒன்று. இந்த மூன்றிலும் போய் நின்றால் நம் சரித்திரத்தில் பாதியைப் பார்த்துவிடலாம் என்பது என் சிநேகிதர் ஒருவருடைய சித்தாந்தம். அந்தச் சித்தாந்தத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு நாள் முழுவதும் அவரோடு அலைந்தேன். அன்று கண்டதும், அதற்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதுமே இந்தக் கட்டுரை.

சிநேகிதர் மின்சார வாரியத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். எறும்பைக் கூட மிதிக்க மாட்டார். அவர் வீட்டுப் பீரோவில் அரிவாள், கொடுவாள், பிச்சுவா, பாளை சீவும் கத்தி, பாக்குவெட்டி, சவரக் கத்தி என்று நூற்றுக்கு மேல் துணி சுற்றி வைத்திருக்கிறார். "இத்தனை கத்தி இருக்கு. கத்திரிக்காய் நறுக்க ஒண்ணு கொடுங்கோன்னா கொடுக்க மாட்டார்" என்பது அவர் சம்சாரத்தின் நிரந்தரப் புகார். ஒவ்வொரு கத்தியோடும் ஓர் அட்டை கட்டியிருக்கும். அதில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதியிருப்பார்: யார் செய்தது? யார் வைத்திருந்தது? எதை வெட்டியது? இந்த மூன்றில் இரண்டுக்காவது பதில் கிடைக்காவிட்டால், கத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்குவதில்லை.

நாங்கள் போன இடம் படாளம். செங்கல்பட்டைத் தாண்டி, பாலாற்றைக் கடந்து, மதுராந்தகம் போகும் வழியில் இருக்கிறது. மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை என்று பெயர் இருந்தாலும் ஆலை நிற்பது படாளத்தில்தான். கரும்பு இருக்கும் இடத்தில் கத்தி இருக்கும். கத்தி இருக்கும் இடத்தில் கொல்லர் இருப்பார். இதுதான் சிநேகிதர் போட்ட கணக்கு.

ரயில் பல்லாவரத்தில் நின்றபோது அவர் எழுந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்து ஒரு கும்பிடு போட்டார். மலைமேல் தர்கா தெரிகிறதே, அதற்காக இருக்கலாம் என்று நினைத்தேன். "இல்லை ஐயா. இந்தியாவில் முதல் முதலாகக் கத்தி சேர்த்தவருக்கு முதல் கத்தி கிடைத்த ஊர் இது. எங்கள் கூட்டத்துக்கு இதுதான் க்ஷேத்திரம்" என்றார்.

அவர் சொன்னது ராபர்ட் புரூஸ் பூட் என்ற ஆங்கிலேயரைப் பற்றி. 1858-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்தவர். 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி, பல்லாவரத்துப் பட்டாளத்தார் அணிவகுப்பு மைதானத்தின் அருகே செம்பூரான் சரளை வெட்டிய ஒரு குழியில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். சாதாரணக் கண்ணுக்கு அது ரஸ்தாவில் கொட்டுகிற கல். இருபத்தெட்டு வயதுப் பூட்டின் கண்ணுக்கு அது மனிதன் செதுக்கிய ஆயுதம். இரண்டு பக்கமும் சில்லு பெயர்த்து, விளிம்பைக் கூர்மையாக்கி, உள்ளங்கையில் அடங்கும்படி செய்த கைக்கோடரி. வெட்ட, கீற, தோலுரிக்க, எலும்பை உடைக்க எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். கத்தி வம்சத்தின் பாட்டனார் என்று வைத்துக்கொள்ளலாம்.

நாலு வருஷம் முன்னால், 1859-இல்தான், பிரான்ஸில் சோம் நதிக் கரையில் கிடைத்த இப்படிப்பட்ட கற்கள் மனிதன் செய்தவையே என்று இங்கிலாந்துப் பண்டிதர்கள் நேரில் போய்ப் பார்த்து ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்தச் செய்தி பூட்டின் மனத்தில் இருந்தது. இல்லாவிட்டால் அந்தக் கல்லும் ஏதாவது ஒரு சாலையின் வயிற்றுக்குள் போயிருக்கும். அதே வருஷம் செப்டம்பரில் கிங் என்ற சக அதிகாரியோடு அத்திரம்பாக்கம் போனார். கொசஸ்தலையாற்றுப் படுகையில் உள்ள ஊர். அங்கே கற்கருவிகள் ஒன்றிரண்டல்ல, ஏராளமாகக் கிடைத்தன. அவற்றில் மிகப் பழையவை சுமார் பதினைந்து லட்சம் வருஷங்களுக்கு முற்பட்டவை என்று 2011-இல் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். பூட் அவ்வளவு தூரம் கனவு கூடக் கண்டிருக்க முடியாது.

பூட் கற்களைச் சேர்த்ததைவிட, சேர்த்த விதம்தான் பெரிது. எந்த ஊர், எந்த ஓடை, மேல்மண்ணிலா, எத்தனை அடி ஆழத்திலா என்று குறித்துக்கொண்டே போனார். தென்னிந்தியாவிலும் மேற்கிந்தியாவிலும் நானூறு இடங்களுக்கு மேல் அவர் குறிப்பில் ஏறின. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஏர்க்காட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் ஜாபிதா எழுதினார். 1904-இல் அந்தச் சேகரம் முழுவதையும் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கிக்கொண்டது. பூட் 1912-இல் காலமானார். அவர் எழுதிய விரிவான பட்டியல் 1914-இல்தான் அச்சாகி வந்தது.

இதைப் பேசிக்கொண்டே வந்ததில் கொளவாய் ஏரி போனதும் தெரியவில்லை. பாலாற்றுப் பாலம் போனதும் தெரியவில்லை. படாளத்தில் இறங்கினோம்.

சாலையோரம் ஒரு கீற்றுக் கொட்டகை. அதில் ஓர் உலை. துருத்தி இருந்த இடத்தில் இப்போது மின்சார விசிறி. ஆசாரிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் மகன் சம்மட்டி போட, இவர் இடுக்கியால் திருப்பித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எதிரே கோணிமேல் கரும்பு வெட்டும் கத்தி, கருக்கரிவாள், கொடுவாள், களைக்கொட்டு. எல்லாம் ஓர் இரும்பிலிருந்து வந்தவை. அந்த இரும்பு எதுவென்று நினைக்கிறீர்கள்? லாரியின் அடியில் வில்லாக வளைந்து பாரம் தாங்குமே, அந்தப் பட்டை.

"புது இரும்பு வாங்க மாட்டீர்களா ஆசாரியாரே?" என்று கேட்டேன்.

"புது இரும்புல என்னங்க இருக்குது? மழுங்கிப் போவும். இது இருபது வருசம் பாரம் சுமந்து பாடம் ஆன இரும்பு. துவைச்சல் குடுத்தா நல்லாப் புடிக்கும்" என்றார்.

துவைச்சல் என்றால் என்ன என்பதைக் கண்ணாலேயே பார்த்தோம். கத்தியை உலையில் வைத்துச் செக்கச் செவேலென்று காய்ச்சினார். முழுவதையும் தண்ணீரில் போடவில்லை. விளிம்பை மட்டும், கோயில் தெப்பத்தில் கால் நனைப்பது போல, ஒரு விரற்கடை தோய்த்து எடுத்தார். 'சொய்ங்' என்று ஆவி கிளம்பியது. பிறகு நிறத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அலகின்மேல் வைக்கோல் நிறம் ஓடி, செம்பு நிறம் எட்டிப் பார்த்ததும் மறுபடி தண்ணீர் காட்டினார். விளிம்பு கெட்டி, முதுகு மெத்து. விளிம்பு வெட்டுகிறது, முதுகு அடி தாங்குகிறது. காலேஜில் நான் இன்டர்மீடியட் படித்தபோது பௌதிக வாத்தியார் இரண்டு மாதம் சொல்லிப் புரியாத விஷயம், படாளத்தில் இரண்டு நிமிஷத்தில் புரிந்தது.

இந்த வித்தைக்கு வயசு என்ன? தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வில், தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் இரும்போடு கிடைத்த பொருள்களின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அறிஞர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள், விவாதிக்கட்டும். அவ்வளவு தூரம் போவானேன்? படாளத்துக்குப் பக்கத்தில், மதுராந்தகம் வட்டாரத்திலுள்ள சானூரில் 1950-லும் 1952-லும் மத்தியத் தொல்பொருள் துறையார் கல்வட்டங்களைத் தோண்டினார்கள். சுடுமண் ஈமப் பேழைகளும் அவற்றோடு இரும்பு ஆயுதங்களும் கருவிகளும் கிடைத்தன. செத்தவனோடு அவன் ஆயுதத்தையும் புதைத்திருக்கிறார்கள். அவன் பெயர் தெரியாது. ஆனால் அவன் வெறுங்கையோடு போகக் கூடாது என்று நினைத்த மனிதர்கள் இருந்தார்கள் என்பது தெரிகிறது.

இரும்பைவிட உயர்ந்தது உருக்கு. சேலம் பக்கத்து உருக்கை எப்படிச் செய்தார்கள் என்று 19-ஆம் நூற்றாண்டில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்த ஹீத் என்பவர் எழுதியிருக்கிறார். களிமண் மூசையில் இரும்புத் துண்டைப் போட்டு, கூடவே காய்ந்த ஆவாரங்கட்டையை இட்டு, மேலே ஓர் எருக்கிலையை மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து உலையில் வைப்பார்களாம். பொங்கலுக்குப் பூளையோடு சேர்த்துக் கட்டுகிறோமே, அந்த ஆவாரைதான். ரதசப்தமிக்குத் தலையில் வைத்துக்கொள்கிறோமே, அந்த எருக்கிலைதான். கட்டை கரியாகி, கரி இரும்புக்குள் இறங்கி, ஆறியதும் மூசையை உடைத்தால் உருக்குக் கட்டி. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலிலும், திருவண்ணாமலைப் பக்கத்து மேல்சிறுவளூரிலும் இந்தத் தொழில் நடந்ததற்குத் தடயங்கள் கிடைத்திருக்கின்றன.

'ஊட்ஸ்' என்று ஐரோப்பியர் சொன்ன இந்திய உருக்கின் பெயர் கன்னடத்து 'உக்கு' என்ற சொல்லின் திரிபு என்பது பலருடைய கருத்து. நம்முடைய 'உருக்கு' அதற்குச் சகோதரி. 1794-இல் பம்பாயிலிருந்து ஹெலினஸ் ஸ்காட் என்ற வைத்தியர் இந்த உருக்கின் கட்டிகளை லண்டனில் ராயல் சொஸைட்டித் தலைவராயிருந்த ஜோஸப் பாங்க்ஸுக்கு அனுப்பினார். பாங்க்ஸ் அதில் ஒரு துண்டை ஸ்டோடர்ட் என்ற கத்தி வியாபாரியிடம் கொடுத்து ஒன்று செய்யச் சொன்னார். வாளா? ஈட்டியா? இல்லை. ஒரு பேனாக்கத்தி! இறகுப் பேனா சீவுகிற சின்னக் கத்தி. அது சிறந்த உருக்குக் கத்திக்கு எந்த விதத்திலும் குறையவில்லை என்று 1795-இல் பதிவாகியிருக்கிறது. அந்த ஸ்டோடர்ட்டே பிற்பாடு மைக்கேல் பாரடேயோடு சேர்ந்து இந்த உருக்கின் ரகசியத்தைக் கண்டுபிடிக்க முயன்றார். மின்சார மேதையான பாரடே ஒரு கொல்லருடைய பிள்ளை என்பதை நினைத்தால் படாளத்து ஆசாரியின் மகன்மேல் ஒரு தனி மரியாதை வருகிறது.

சிநேகிதர் ஒரு கரும்புக் கத்தியை எடுத்தார். ஆசாரி தராசைக் கொண்டுவந்தார். "எடைக்குத்தாங்க வெலை" என்றார். சிநேகிதர் பணத்தைக் கொடுத்துவிட்டு அட்டையை எடுத்தார். ஆசாரியின் பெயர், தகப்பனார் பெயர், எந்த வருஷம் செய்தது, எந்த வண்டிப் பட்டை எல்லாம் கேட்டு எழுதினார். ஆசாரி முதலில் மிரண்டு போனார். "எதுக்குங்க? போலீஸ் கேசு ஒண்ணும் இல்லீங்களே?" என்றார். விஷயம் தெரிந்ததும் அவர் முகம் மாறியது. பணத்தில் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். "எம் பேரு எழுதின கத்திக்குக் கொஞ்சம் கொறைச்சுக்கலாம்" என்றார். அன்று நான் கேட்ட பேச்சுகளில் மறக்க முடியாதது அது.

அங்கிருந்து காயலான் கடைக்குப் போனோம். ஓட்டைக் குடங்கள், சைக்கிள் சட்டங்கள், உடைந்த மின்விசிறி, அவற்றுக்கு நடுவே பெயர்ந்த அரிவாள்மணைகள். மிக்ஸி வந்தபின் அரிவாள்மணைக்கு மவுசு போய்விட்டது. எத்தனை பெண்டுகள் எத்தனை விடியற்காலையில் உட்கார்ந்து காய் நறுக்கியிருப்பார்கள்! பலகை விறகுக்குப் போய்விட்டது. அலகு எடைக்கு வந்துவிட்டது.

அந்தக் குவியலைக் கிளறிய சிநேகிதர் திடீரென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கையில் ஒரு சாண் நீளத்தில் துருப் பிடித்த ஒரு பொருள். ஒரு கோடியில் ஊசி போன்ற எழுத்தாணி. மறு கோடியில் கைப்பிடிக்குள் மடங்கிக் கிடக்கும் சிறு கத்தி. மடக்கெழுத்தாணி! கத்தியால் பனையோலையை நறுக்கி வார்ந்துகொள்வது, எழுத்தாணியால் எழுதுவது. எழுத்துக்கும் கத்திக்கும் ஒரே கைப்பிடி. லண்டனில் பாங்க்ஸ் துரை பேனாக்கத்தி செய்யச் சொன்னாரே, அதற்கு நம் நாட்டு அண்ணன்.

கடைக்காரர் அதை வாங்கித் தராசில் போட்டார். முள் அசையவே இல்லை. "ரெண்டு ரூபா குடுங்க சார்" என்றார்.

'எடைக்கு' என்ற அந்த வார்த்தையைக் காலையிலிருந்து இரண்டாவது தடவையாகக் கேட்டபோதுதான் எனக்குத் தஞ்சாவூர் ஞாபகம் வந்தது.

தஞ்சாவூர் மராட்டிய மன்னர்களில் கடைசியானவர், இரண்டாம் சரபோஜியின் மகனான சிவாஜி. அவர் 1855-இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கம்பெனியார் ராஜ்யத்தை எடுத்துக்கொண்டார்கள். அரண்மனைச் சொத்தையும் முத்திரையிட்டார்கள். ராணி காமாட்சி பாயி வழக்குத் தொடுத்தார். சென்னையில் ராணிக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. ஆனால் லண்டன் பிரிவி கவுன்சில், 1859-இல், 'இது அரசாங்கம் அரசாங்க ரீதியில் செய்த காரியம். கோர்ட்டுக்கு இதில் கேள்வி கேட்க அதிகாரமில்லை' என்று முடித்துவிட்டது.

அந்த அரண்மனையில் ஓர் ஆயுதசாலை இருந்தது. நாயக்கர் காலத்திலிருந்து மராட்டியர் காலம் வரை சேர்ந்த வாள்கள், கட்டாரிகள், ஈட்டிகள், அங்குசங்கள். கட்டாரி என்பது வேறு எந்த நாட்டுக் கத்தியைப் போலவும் இராது. பிடி குறுக்கே இருக்கும். முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அலகு கையின் நீட்சியாக முன்னே நிற்கும். தஞ்சாவூர்க் கட்டாரியில் இன்னும் ஒரு விசேஷம்: கைக்குமேல் பாம்புப் படம் போல ஒரு தகடு கவிந்து காக்கும். அந்த இரும்பில் யாளியும் கொடியும் இலையும் உளியால் செதுக்கியிருப்பார்கள். கோயில் தூணில் கல்லில் செய்கிற வேலையை இரும்பில் செய்திருக்கிறார்கள். பல கட்டாரிகளின் அலகு ஐரோப்பிய வாளின் துண்டு. கப்பலில் வந்த வாளை நம் கொல்லர் வெட்டி, தம் பிடியில் தைத்துக்கொண்டார். படாளத்து ஆசாரி லாரிப் பட்டையை எடுத்தது போலத்தான்.

1860-களில் இந்த ஆயுதசாலை கலைக்கப்பட்டது. பார்த்துப் பொறுக்கிய சில, 1851-இல் தொடங்கிய சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. மற்றவற்றை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். வால்ஹவுஸ் என்பவர் சென்னை மாகாணத்தில் ஸிவிலியன் உத்தியோகம் பார்த்தவர். 1878-இல் 'இந்தியன் ஆன்டிகுவரி' என்ற பத்திரிகையில் தஞ்சாவூர் ஆயுதசாலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் எழுதியிராவிட்டால் அப்படி ஓர் அழிவு நடந்தது என்பதே பலருக்குத் தெரிந்திராது.

அந்தப் பத்து வருஷத்தை நினைத்துப் பாருங்கள். அதே சென்னை மாகாணம். அதே வெள்ளைக்காரச் சர்க்கார். ஒரு பக்கம், பல்லாவரத்துச் சரளைக் குழியிலிருந்து ஒருவர் கல்லை எடுத்துத் துடைத்து, ஊரும் தேதியும் எழுதி வைக்கிறார். மறுபக்கம், முந்நூறு வருஷத்துக் கட்டாரிகளைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கித் தராசில் ஏற்றுகிறார்கள். கல்லுக்குக் கிடைத்த மரியாதை உருக்குக்குக் கிடைக்கவில்லை. காரணம் தெளிவு. கல்லைச் செய்தவன் யாருக்கும் விரோதி இல்லை. அவன் போய் லட்சக்கணக்கான வருஷமாகிவிட்டது. கட்டாரியை வைத்திருந்தவனின் பேரன் உயிரோடிருந்தான்! 1801-இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு பாளையங்களில் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று கம்பெனி தடுத்தது. 1857 கலகத்துக்குப் பிறகு பயம் இன்னும் வளர்ந்தது. 1878-இல், வால்ஹவுஸ் எழுதிய அதே வருஷம், ஆயுதச் சட்டம் வந்தது. நம் வீடுகளில் தாத்தாவின் வாள் இல்லாமற் போனதற்கு நாம் சாதுவான ஜாதி என்பது காரணமில்லை.

தப்பிப் பிழைத்த கத்திகளும் முழுசாகப் பிழைக்கவில்லை. அமெரிக்காவில் ஜார்ஜ் காமரன் ஸ்டோன் என்று ஓர் உலோகவியல் பொறியாளர் இருந்தார். உலகமெல்லாம் ஆயுதம் வாங்கிச் சேர்த்து, 1934-இல் ஆயுதங்களுக்கென்றே பெரிய அகராதி ஒன்று வெளியிட்டார். 1935-இல் அவர் இறந்தபோது சேகரம் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. தென்னிந்தியக் கட்டாரிகளும் அதில் உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் யார் இடுப்பில் இருந்தவை? எந்த ஊர்க் கொல்லர் செய்தவை? அட்டையில் அந்த வரி காலி. மாமல்லபுரத்தில் திரௌபதி ரதத்துக்குள் கொற்றவையின் காலடியில் ஒருவன் மண்டியிட்டுத் தன் கழுத்தில் தானே கத்தியை வைத்திருப்பதைக் கல்லில் பார்க்கலாம். ஆயிரத்து முந்நூறு வருஷமாகக் கத்தி கழுத்தில் இருக்கிறது. அவன் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை.

காயலான் கடைக்குத் திரும்புவோம். சிநேகிதர் இரண்டு ரூபாய் கொடுக்கவில்லை; ஐந்நூறு ரூபாயை எடுத்து நீட்டினார். கடைக்காரர் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது எங்கேயிருந்து வந்தது? அதைச் சொன்னால் போதும்" என்றார் சிநேகிதர். பக்கத்து ஊரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது வந்ததாம். கர்ணம் வீடு என்று சொல்வார்களாம். அப்படியே ஒரு ஷேர் ஆட்டோ பிடித்துக்கொண்டு போனோம்.

வீடு பாதி இருந்தது. திண்ணையில் எண்பது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். எழுத்தாணியைக் கையில் கொடுத்தோம். கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். கத்தியை நகத்தால் நெம்பித் திறந்தார். அது திறந்துகொண்டது!

"எங்க மாமனாரோட அப்பா கணக்கு எழுதினது இது. எங்க மாமனார் காகிதத்துலதான் எழுதுவார். ஆனா சரஸ்வதி பூஜைக்கு இதை எடுத்து வெச்சுச் சந்தனம் இடுவார்" என்றார். பரம்பரைக் கர்ணம் வேலை 1980-இல் சட்டத்தால் போயிற்று. அதோடு பூஜையும் நின்றிருக்க வேண்டும்.

"அம்மா, இது உங்கள் வீட்டுச் சொத்து. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் எடைக்குப் போட்டுவிட்டார்கள்" என்றார் சிநேகிதர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐந்நூறு ரூபாய் போனால் போகட்டும்; கத்தி சேர்க்கிறவர் கையில் கிடைத்த மடக்கெழுத்தாணியைத் திருப்பிக் கொடுப்பதென்றால், அது கர்ணன் கவச குண்டலத்தைக் கழற்றிக் கொடுத்தது போலத்தான்.

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் யோசித்தார். "வேண்டாம்பா. எனக்கப்புறம் மறுபடி அந்தக் கடைக்குத்தான் போகும். நீயே வெச்சுக்கோ. எங்க பெரியவர் பேரை மட்டும் எழுதிடு" என்றார். பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். சிநேகிதர் எழுதி, படித்துக் காட்டினார். இனிஷியல் தப்பு என்று திருத்தினார்.

திரும்பி வரும்போது சிநேகிதரிடம் சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்தேன். கத்தி வாங்கிச் சேர்க்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். ஒன்பது அங்குலத்துக்குமேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்குமேல் அகலமோ உள்ள அலகு இருந்தால் அது ஆயுதச் சட்டத்தின் வரம்புக்குள் வரும். ஆனால் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்த கத்திகளுக்கு விலக்கு உண்டு. சட்டமே 'இது எதை வெட்டுவது?' என்றுதான் கேட்கிறது பாருங்கள்! நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப் பொருளென்றால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் குறுக்கே நிற்கும். வெளிநாட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. இந்தச் சட்டம் நூறு வருஷம் முன்னாலேயே வந்திருந்தால் எத்தனையோ கட்டாரிகள் கப்பலேறியிருக்க மாட்டா. தராசில் ஏறியிருக்குமா என்பது வேறு விஷயம். எடைக்குப் போடுகிறவனுக்குச் சட்டம் தெரியாது. எதைப் போடுகிறோம் என்பதும் தெரியாது.

சென்னையில் இருக்கிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். பூட் சேர்த்த கற்களும், ஆதிச்சநல்லூரில் மண்ணுக்கடியிலிருந்து எடுத்த இரும்பும், தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களும் அங்கேதான் இருக்கின்றன. கற்களில் ஒவ்வொன்றுக்கும் ஊர் இருக்கிறது. யாளி முகம் போட்ட கட்டாரிகளுக்குத் 'தஞ்சாவூர்' என்ற ஒரு சொல்தான் துணை. அவற்றோடு போயிருக்க வேண்டிய மற்றவை என்ன ஆயின? பழைய இரும்பு வீணாவதில்லை. உலைக்குப் போய் வண்டிப் பட்டையாகவோ, ஆணியாகவோ, நாற்று நட்ட வயலில் களைக்கொட்டாகவோ ஆகியிருக்கும். இரும்பு பிழைத்துக்கொள்ளும். போனது பெயர்தான்.

உங்கள் வீட்டுப் பரணில் ஓர் அரிவாள்மணையோ பாக்குவெட்டியோ நிச்சயம் கிடக்கும். அதை வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. இந்தக் காலத்து வீடுகளில் இடம் ஏது? எடைக்குப் போடுவதற்கு முன்னால் வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் கேட்டு, ஒரு காகிதத்தில் எழுதி நூலால் கட்டிவிடுங்கள். இன்னாருடையது, இன்ன ஊர், இன்ன காரியத்துக்கு. அரை வரி போதும். அதைக் காயலான் கடையில் படிக்கிற சிநேகிதர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள்.